அந்த வட்டம் என் யோசனை இல்லை

தம்பி,

இந்தக் கடிதத்தை உன் அம்மா ஒவ்வொரு பக்கமாக ஃபோனில் படம் பிடித்து உனக்கு அனுப்பப் போகிறாள். அதனால் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே போடுகிறேன். அப்பா ஏன் எழுதுகிறார், கூப்பிட்டுப் பேசினால் ஆகாதா என்று கேட்பாய். கூப்பிட்டுப் பேசித்தான் போன ஞாயிற்றுக்கிழமை காரியத்தைக் கெடுத்து வைத்தேன். உனக்கே தெரியும், ஃபோனைக் கையில் கொடுத்தால் எனக்கு வாய் முன்னால் ஓடும், புத்தி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். எழுதும்போது அப்படி இல்லை. ஒரு வரியிலிருந்து அடுத்த வரிக்குப் போவதற்குள் மனசு சட்டையைப் பிடித்து நிறுத்தி, நெசத்தைச் சொல்லுடா என்கிறது. ஆகவே வருகிற புதன்கிழமை நீ அந்தக் கூட்டத்துக்குள் நுழைவதற்கு முன் இதை முழுசாகப் படித்துவிடு. பக்கங்கள் வரிசை மாறி வந்தால் உன் அம்மாவைத் திட்டு, என்னைத் திட்டாதே.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நெஞ்சு தாங்காது. நீ ஆஸ்திரேலியச் சட்டமன்றத்தில் முதல்முதலாகப் பேசிய அந்த வீடியோவை உன் அம்மா இன்னும் விடவில்லை. காலையில் தோசை ஊற்றும்போது ஒரு தடவை, மத்தியானம் துணி மடிக்கும்போது ஒரு தடவை. "நான் மலேசியாவில், பகாவ் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன்" என்று நீ ஆங்கிலத்தில் சொல்கிற இடம் வந்ததும் சத்தத்தைக் கூட்டுவாள். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக்குக்கூட அந்த வரி மனப்பாடமாகிவிட்டது. நம் தாமான் குடியிருப்பு முனையில் இருக்கிற டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால், "ஒய்பியோட அப்பா வந்துட்டாரு, தே தாரிக் போடு" என்கிறார்கள். இங்கே சட்டமன்றத்தில் உட்காருகிறவர்களை ஒய்பி என்போமே, அந்த மரியாதையை உனக்கும் கொடுத்தாயிற்று. ஆஸ்திரேலியாவில் உன்னை வெறும் பேர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்களாம், அது அவர்கள் பாடு. கடைக்காரர் ஒருநாள் கேட்டார், "அங்கயும் ரோட்டுல குழி இருக்கா அண்ணே? உங்க மகன் வந்து பாப்பாரா?" என்று. இருக்கும்லா, குழி இல்லாத ஊர் எங்கே இருக்கிறது என்றேன்.

முன்பெல்லாம், உங்க மகன் அங்கே என்னதான் பேசுகிறார் என்று யாராவது கேட்டால், "பொதுவாப் பேசுறான்" என்று சொல்லி டீயைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவேன். அது உனக்குத் தெரியாது. இப்போது சொல்கிறேன். ஆனால் போன வாரம் அப்படிச் செய்யவில்லை. கடைக்காரர் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். ஆணை நேசிக்கிற ஆண், பெண்ணை நேசிக்கிற பெண், ஆணாய்ப் பிறந்தும் மனசால் பெண்ணாய் வாழ்கிறவர்கள், பெண்ணாய்ப் பிறந்து ஆணாய் வாழ்கிறவர்கள், இவர்களில் யாரையும் அதைக் காரணம் காட்டி வேலையைவிட்டுத் தூக்கக்கூடாது, வாடகை வீட்டைவிட்டு விரட்டக்கூடாது, பள்ளிக்கூடத்தில் ஒதுக்கக்கூடாது என்று ஒரு மசோதா. அதற்காக ஆளும் கட்சி, எதிர்க்கட்சி, தனியாள் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆள் சேர்த்து என் மகன் சட்டமன்றத்துக்குள்ளேயே ஒரு குழு கட்டுகிறான். என் மகனும் ஆணை நேசிக்கிற ஆண்தான். இவ்வளவையும் ஒரே மூச்சில் சொன்னேன். கடைக்காரர் கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். பிறகு, "சிரமமான வேலைலா அண்ணே, சாப்பாடாச்சும் நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க" என்றார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. இத்தனை வருஷம் இதற்கா பயந்தேன் என்று மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது எனக்கே வெட்கமாக இருந்தது.

அந்தச் சந்தோஷத்தோடுதான் ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். உன் முகத்தில் தூக்கமில்லாத களைப்பு தெரிந்தாலும் குரலில் துள்ளல் இருந்தது. குழுவில் உன்னையும் சேர்த்து நாலு பேர் இருக்கிறீர்கள் என்றாய். அறை அறையாகப் போய்க் கதவைத் தட்டுவதாகச் சொன்னாய். உள்ளே உட்காரவைத்து காப்பி கொடுத்து, "நல்ல விஷயம், ஆனா என் பேரு மொதல்ல வேணாம், வேற யாராச்சும் போட்டப்புறம் வாங்க" என்று எல்லோரும் ஒரே பாட்டைப் பாடுவதாகச் சொன்னாய். அதைக் கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சூட்டுக் கோட்டு போட்டவனுக்கும் கைலி கட்டினவனுக்கும் முதல் பேர் என்றால் ஒரே பயம்தான் போலிருக்கிறது. உடனே நம் தோட்டத்துத் தண்ணீர் மனுவின் கதையை உனக்குச் சொன்னேன். முதல் பேர், கடைசிப் பேர் என்று இல்லாமல் எல்லோரும் வட்டமாகக் கையெழுத்துப் போட்டோம், எவன் ஆரம்பித்தான் என்று மானேஜரால் கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை என்றேன். நீ நாற்காலியைவிட்டு எழுந்தே விட்டாய். "அப்பா, நீங்க ஜீனியஸ்லா" என்றாய். புதன்கிழமை கூட்டத்தில் நாங்களும் வட்டமாகத்தான் போடப் போகிறோம், என் அப்பாவின் யோசனை என்று சொல்லித்தான் தாளை எடுத்து வைப்பேன் என்றாய். நானும் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அடுத்ததாக நீ சொன்னதுதான் முக்கியம். எதிர்த்தரப்பிலிருந்து ஏழு பேர் ஒன்றாக வரத் தயார். அவர்களுக்காகப் பேசுகிறவர் கோதுமை விவசாயம் பார்க்கிற ஒரு பெரியவர், நல்ல மனுஷன். ஏழு பேர் வந்தால் மசோதா நிச்சயம் தேறிவிடும். ஆனால் அவர் ஒரு நிபந்தனை வைக்கிறார். திருநங்கைகளையும் திருநம்பிகளையும் பற்றிய பகுதியை இந்த முறை எடுத்துவிடுங்கள், அதை அடுத்த கூட்டத்தொடரில் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். "என்னப்பா செய்யட்டும்?" என்று கேட்டாய். நீ கேட்டு முடிப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "ஏழு பேருடா! எடுத்துக்கோ. மொதல்ல கெடைக்கிறத வாங்கு. மத்தது அடுத்த தடவை." நீ தலையாட்டினாய். அம்மா அடுப்படியிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். ஃபோனை வைத்த பிறகு ரெண்டு நாள் என்னிடம் அவள் பேசவே இல்லை, அப்போதுதான் நான் என்ன சொல்லித் தொலைத்தேன் என்று எனக்கு உறைத்தது.

தம்பி, அந்த வட்டம் என் யோசனை இல்லை. அது ஆரோக்கியத்தின் யோசனை.

உனக்கு அவளைத் தெரியாது, நீ அப்போது தொட்டிலில் இருந்தாய். நம் லயத்து வீட்டு வரிசையில் கடைசி வீட்டில் தனியாக இருந்தாள். செக்ரோல் என்கிற ஆள்கணக்குப் புத்தகத்தில் ஆரோக்கியசாமி என்று இருக்கும், விடியலில் பெரட்டுக் களத்தில் கணக்கெழுதும் கிராணி பேர் கூப்பிடும்போதும் ஆரோக்கியசாமி என்றுதான் கூப்பிடுவார். அவள் "வந்தாச்சு" என்று சொல்வாள், ஆனால் லயத்துக்குள் வந்துவிட்டால் ஆரோக்கியம் என்று கூப்பிட்டால்தான் திரும்புவாள். நீளமாக முடி வளர்த்துக் கொண்டை போட்டிருப்பாள். என் மர நிரைக்குப் பக்கத்து நிரைதான் அவளுக்கு. இருநூறு முன்னூறு மரத்தில் நான் பால் வெட்டி முடிப்பதற்குள் அவள் தன் நிரையை முடித்துவிட்டு, "என்னாண்ணே, மரத்துக்கு மொட்டை அடிக்கிறீங்களா, பால் வெட்டுறீங்களா?" என்று கிண்டல் பண்ணுவாள். அந்தக் காலத்தில் அவளைக் குறிக்க எங்கள் வாயில் இருந்த சொல்லை இங்கே எழுதமாட்டேன். நானும் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்கிறேன், அதை மட்டும் மறைக்கவில்லை.

நான் அப்போது தோட்டத்தின் சங்கக் கிளைக்குச் செயலாளர். குளத்துத் தண்ணீர் தேயிலைச் சாயம் மாதிரி வரும், அதைத்தான் கொதிக்கவைத்து உனக்கும் கொடுத்தோம். வீட்டுக்கு வீடு குழாய் வேண்டும் என்று மனு எழுதினேன். எல்லோருக்கும் தண்ணீர் வேண்டும், ஆனால் முதலில் கையெழுத்துப் போட ஒருத்தனும் இல்லை. அதற்கு முந்தைய மனுவில் முதல் பேராக இருந்தவரை மானேஜர், நீதான் தூண்டிவிட்டவன் என்று வேறு டிவிஷனுக்குத் தூக்கி அடித்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து தோட்டத்துச் சின்னக் கோயிலுக்கு வெளியே எல்லோரும் தாளைச் சுற்றி நின்றோம், யாரும் பென்சிலைத் தொடவில்லை. ஆரோக்கியம்தான் சிரித்தாள். "மொதல் பேருக்குத்தானே பயம்? மொதலே இல்லாம எழுதுங்களேன்" என்றாள். ஓடிப் போய்த் தன் வீட்டிலிருந்து நீல விளிம்பு வைத்த எனாமல் தட்டு ஒன்றைக் கொண்டுவந்து, தாளின் மேல் கவிழ்த்து, சுற்றிக் கோடு போட்டாள். "இந்தக் கோட்டு மேல சுத்திச் சுத்திப் போடுங்க. எங்க ஆரம்பிச்சிச்சின்னு அந்தத் தொரையால கண்டுபிடிக்க முடியட்டும் பாப்போம்." அரை மணி நேரத்தில் வட்டம் நிறைந்தது. ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் வீட்டு நம்பர். அன்றைக்கு எனக்கு இருந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது. இப்போது நீ கதவு கதவாகத் தட்டும்போது உனக்கு இருக்கிறதே, அதே துள்ளல்தான் எனக்கும் அப்போது.

கடைசியில் அவள் பென்சிலைக் கையில் எடுத்தாள். ஒரு பேருக்கு இடம் இருந்தது, நான் பார்த்தேன். அப்போது ரெண்டு பேர் சத்தம் போட்டார்கள். "இவன் பேரு இதுல இருந்தா மானேஜர் சிரிப்பான்லா. தண்ணி கேட்ட மனுன்னு எவன் நம்புவான், கூத்து நோட்டீசும்பான்" என்றார்கள். மற்றவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் செயலாளரான என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, ரொம்பப் பக்குவமாக, ரொம்ப அன்பாகச் சொன்னேன். அதுதான் இப்போது நினைத்தாலும் உறுத்துகிறது, அவ்வளவு அன்பாகச் சொன்னேன். "ஆரோக்கியம், இந்தத் தடவை வேணாம். மொதல்ல தண்ணி வரட்டும். அடுத்த மனுவுல உன் பேரைப் போட்டுக்கலாம்." அவள் பென்சிலைத் தன் கொண்டையில் செருகிக்கொண்டு, தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மனு ஜெயித்தது. மானேஜர் முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். பெரிய கிராணி எங்கள் தாளைப் பார்த்து வீட்டு நம்பர்களை வரிசையாக எழுதிக் குழாய் போட வந்த ஆளிடம் கொடுத்துவிட்டார். தாளில் இருந்த நம்பருக்கெல்லாம் குழாய் வந்தது. கடைசி வீட்டு நம்பர் தாளில் இல்லை, ஆகவே குழாய் அதற்கு முந்தின வீட்டோடு நின்றுவிட்டது. நான் கிராணியிடம் ஓடினேன். "பேரு இல்லியே மேன், அடுத்த மனுவுல சேத்து அனுப்பு" என்றார். நான் அவளிடம் சொன்ன அதே வார்த்தை என்னிடமே திரும்பி வந்தது. அடுத்த மாதம் எழுதலாம் என்று இருந்தேன். பிறகு கிறிஸ்மஸ் வந்தது, பிறகு உனக்குச் சளிக்காய்ச்சல், பிறகு சம்பளப் பேச்சுவார்த்தை. தன் தட்டால் எங்களுக்கெல்லாம் தண்ணீர் கொண்டுவந்தவள் நாலு வருஷம் எங்கள் வாசல் குழாயில் வாளி வைத்துப் பிடித்துத் தூக்கிப் போனாள். உன் அம்மா ஒருநாளும் அவளை நிற்கவைக்கவில்லை, வரும்போதே குழாயைத் திறந்துவிடுவாள். நான் அந்த நேரத்தில் வீட்டுக்குள் ஏதாவது வேலை வைத்துக்கொள்வேன். அப்புறம் தோட்டம் கைமாறியது, ரப்பரை அழித்து எண்ணெய்க்குச் செம்பனை வைத்தார்கள், லயத்தைக் காலி பண்ணச் சொன்னார்கள். அவள் ஒரு பையோடு பஸ் ஏறிப் போனாள். அடுத்த மனு எழுதப்படவே இல்லை.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்கிறேன், எழுத உட்கார்ந்தபிறகு மறைத்து என்ன ஆகப்போகிறது. நீலாயில் நீ காலேஜ் முடித்த அன்றைக்கு உன்னைக் கூட்டிவர வந்தேனே. கார் புறப்பட்டதும் நீ சொன்னாய். உனக்கு ஆண்களைத்தான் பிடிக்கும், அது விளையாட்டில்லை, மாறப் போவதும் இல்லை என்று. புக்கிட் புத்துஸ் மலை வளைவுகளைத் தாண்டி, கோலப்பிலாவும் தாண்டியபிறகுதான் வாயைத் திறந்தேன். என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கும். "இந்தக் கிறிஸ்மஸ் போகட்டும். அடுத்த வருஷம் பேசிக்கலாம்." நீ சரிப்பா என்றாய். அடுத்த வருஷம் நீ ஆஸ்திரேலியாவில் இருந்தாய். அதற்கப்புறம் ஆறு வருஷம் நாம் இருவரும் மழை பெய்கிறதா, சாப்பிட்டாயா என்பதைத் தவிர வேறு எதுவும் பேசவில்லை. என் வாழ்க்கையில் ரெண்டு பேரை நான் அடுத்த தடவை என்று சொல்லி வெளியே நிறுத்தியிருக்கிறேன். ஒருத்தி ஆரோக்கியம். இன்னொருத்தன் நீ. அப்படியிருந்தும் ஞாயிற்றுக்கிழமை அதே வார்த்தை என் வாயிலிருந்து எண்ணெய் போட்ட கதவு மாதிரி வந்துவிட்டது பார்.

சரி, அழுதுகொண்டு உட்கார்ந்திருக்க இந்தக் கடிதம் இல்லை. வேலைக்கு வருகிறேன். நீ ஒய்பியாக இருக்கலாம், ஆனால் கையெழுத்து வாங்குவதில் நான் உனக்குச் சீனியர். அன்றைக்கு நான் செய்த தப்பு எது என்று இந்த நாலு நாளாக மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டேன். சத்தம் போட்டது ரெண்டே பேர். மற்றவர்கள் சும்மா இருந்தார்கள். அந்தச் சும்மாவையும் நான் வேண்டாம் என்ற கணக்கில் சேர்த்துக்கொண்டேன். ஒருத்தர் ஒருத்தராகக் கேட்டிருந்தால், "போட்டுட்டுப் போகட்டும்லா, அவ தட்டுதானே" என்று பாதிப் பேர் சொல்லியிருப்பார்கள் என்று இப்போது சத்தியம் பண்ணுவேன். பெண்களிடம் நான் கேட்கவே இல்லை. உன் அம்மா அங்கேதான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள், அவளைக்கூடக் கேட்கவில்லை. உன் ஏழு பேரிலும் பேசுகிறவர் ஒருத்தர்தான். மற்ற ஆறு பேரை நீ தனித்தனியாகப் பார்த்தாயா? பார்க்கவில்லை என்றால் புதன்கிழமைக்கு இன்னும் நேரம் இருக்கிறது. ஆபீஸ் அறையில் பிடிக்காதே, அங்கே அவர்கள் ஒய்பிகள். சாப்பாட்டு வரிசையில், கார் நிறுத்துமிடத்தில், பேரப்பிள்ளை படத்தை ஃபோனில் காட்டுகிற நேரத்தில் பிடி. அந்த விவசாயியை விட்டுவிடாதே. அவர் தொகுதியிலும் ஒரு கடைசி வீடு இருக்கும். அந்த வீட்டில் இருக்கிறவளை அவர் பார்க்கும்படி செய். நல்ல மனுஷன் என்கிறாயே, நானும் நல்ல மனுஷன்தான், என்னை அன்றைக்கு யாராவது கையைப் பிடித்து நிறுத்தியிருந்தால் நின்றிருப்பேன்.

ஏழில் மூணு பேர்தான் மிஞ்சினால் என்ன பண்ணுவது என்று கேட்பாய். எனக்குத் தெரியாது. மசோதா இழுத்துக்கொண்டு போகலாம், தோற்கவும் தோற்கலாம். நீதான் அங்கே இருக்கிறாய், முடிவு உன்னுடையது, நான் சொன்னேன் என்பதற்காக எதுவும் செய்யாதே. ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னதையும் அதே மாதிரி தள்ளிவிடு என்றுதான் கேட்கிறேன்.

இனி நேற்று நடந்தது. ரெண்டு நாள் பேசாமல் இருந்த உன் அம்மா, மூணாம் நாள் சோற்றைப் போட்டுக்கொண்டே, "செனாவாங்குல இருக்கா, சாப்பாட்டுக் கடை வெச்சிருக்கா" என்றாள். ஆரோக்கியத்தைத்தான் சொல்கிறாள் என்று எனக்கு உடனே புரிந்தது. முப்பது வருஷமாக உன் அம்மாவுக்கும் அவளுக்கும் தொடர்பு இருந்திருக்கிறது. கிறிஸ்மஸுக்கு மெசேஜ், உனக்குக் காய்ச்சல் என்றால் மெசேஜ், நீ ஜெயித்த வீடியோகூடப் போயிருக்கிறது. "எனக்கு ஏன் சொல்லல?" என்றேன். "நீங்க கேட்டதில்ல" என்றாள். நேற்றுக் காலை ரெண்டு பேரும் பஸ் பிடித்துப் போனோம். தொழிற்சாலைப் பக்கம் ஒரு சின்னக் கடை, இரவு ஷிஃப்ட் முடிந்து வந்த பையன்களும் பெண்களும் மோட்டாரை வரிசையாக நிறுத்திவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். எல்லோரும் அவளை அக்கா, அக்கா என்கிறார்கள். முடி முழுக்க வெளுத்துவிட்டது, கொண்டை மட்டும் அதே இடத்தில். என்னைப் பார்த்ததும், "வாங்கண்ணே, மரத்தையெல்லாம் வெட்டி முடிச்சிட்டீங்களா?" என்றாள். சிரிக்கப் போய் எனக்கு அழுகை வந்துவிட்டது, கடையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். உன் அம்மா கைக்குட்டையைக் கூடக் கொடுக்கவில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். வட்டத்தை என் யோசனை என்று உன்னிடம் பீத்திக்கொண்டதையும் சொன்னேன். மன்னித்துவிடு ஆரோக்கியம் என்றேன். அந்த நீல விளிம்புத் தட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டேன். அவள் யோசித்துப் பார்த்தாள். "எந்தத் தட்டு? தட்டெல்லாம் ஞாபகம் இல்லண்ணே. தண்ணி தூக்குனது ஞாபகம் இருக்கு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் பையிலிருந்து தாளையும் பென்சிலையும் எடுத்து மேசைமேல் வைத்தேன், நீ கையெழுத்துப் போடு, என் மகனுக்கு அனுப்புகிறேன் என்றேன். அவள் கடையின் மெலமைன் தட்டு ஒன்றைத் துடைத்து, கவிழ்த்து, கோடு போட்டாள். வட்டம் போட்டு முடித்ததும், "மொதல்ல நீங்க போடுங்க" என்றாள். போட்டேன். உன் அம்மாவும் போட்டாள். பென்சில் அவள் கைக்குப் போனது.

"உங்க மகன் என்னா சொல்லப் போறாரு? அடுத்த தடவையா?" என்று கேட்டாள்.

இன்னும் முடிவு பண்ணல, வர்ற புதன்கிழமை தெரியும் என்றேன்.

"அப்ப நானும் புதன்கிழமை போடுறேன்" என்றாள். பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு, மூணாவது மேசைக்கு மீன் குழம்பு கொண்டுபோனாள்.

அந்தத் தாளைத்தான் கடைசிப் பக்கமாக அம்மா அனுப்புகிறாள், ரெண்டு பேர் மட்டும் இருக்கிற வட்டம். வீட்டு நம்பரும் போட்டிருக்கிறேன், பழக்கதோஷம். புதன்கிழமை உங்கள் கூட்டம் முடியும்போது இங்கே காலை ஒன்பது மணி இருக்கும். நாங்கள் ரெண்டு பேரும் ஏழு மணிக்கே செனாவாங் போய் அவள் கடையில் உட்கார்ந்துவிடுவோம், எனக்கு இப்போதே கால் தரையில் நிற்கவில்லை. நீ என்ன முடிவு எடுத்திருந்தாலும் கூப்பிடு. ஆனால் என் ஃபோனுக்கோ அம்மா ஃபோனுக்கோ கூப்பிடாதே. அவள் நம்பரை அந்த வட்டத்துக்குக் கீழே எழுதியிருக்கிறேன், அவளிடம் நீயே உன் வாயால் சொல். நான் எதிர் மேசையில் இருந்து அவள் கொண்டையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் பழைய செயலாளர்,
அப்பா